‘ப்ராசஸ்ல இருக்கு’ என்றால் என்ன அர்த்தம்?

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அவர் குடும்பத்தில் ஹோம் லோன் அப்ளை செய்த முதல் ஆள் அவர்தான். ஃபைல் லாகின் ஆன மறுநாளிலிருந்து, நைட் டியூட்டி முடித்து பஸ் ஏறியதும் பேங்க் எக்ஸிக்யூட்டிவுக்கு ஒரு போன். தினமும் ஒரே பதில்: “ப்ராசஸ்ல இருக்கு மேடம்.” பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார். “சார், நான் எங்கயாவது தப்பா எழுதிட்டேனா? ரெண்டு லட்சம் அட்வான்ஸ் வேற கொடுத்தாச்சு சார்.”

அவர் எதையும் தப்பாக எழுதவில்லை. சம்பளம், ஸ்கோர், வேலை எல்லாம் மூன்றாம் நாளே பாஸ். ஃபைல் நின்றது பட்டாவில். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் விற்பவருக்கு வந்த சொத்து அது. பாகப்பத்திரம் ரிஜிஸ்டர் ஆகியிருந்தது. பட்டா மட்டும் இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடந்தது. இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, மொபைலில், ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

ஹோம் லோன் என்பது ஒரு இன்டர்வியூ. ஆனால் உள்ளே போகும் கேண்டிடேட் இரண்டு பேர். ஒருவர் நீங்கள். இன்னொருவர் நீங்கள் வாங்கப் போகும் மனை. எல்லோரும் தங்களைப் பற்றியே பயப்படுகிறார்கள். நம் பக்கத்தில் அதிகம் ஃபெயில் ஆவது மனைதான்.

‘ப்ராசஸ்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து மேஜைகள் இருக்கின்றன. முதல் மேஜை கிரெடிட் ஸ்கோர். இரண்டாவது, வருமானமும் வேலையும் உண்மையா என்ற வெரிஃபிகேஷன். மூன்றாவது லீகல்: பேனல் வக்கீல் பத்திரங்களைப் படித்து ஒப்பீனியன் கொடுப்பார். நான்காவது, இன்ஜினீயர் வந்து அளந்து போடும் வேல்யூவேஷன். ஐந்தாவது, இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து சாங்ஷன் போடுபவர். அவர் பெரும்பாலும் நீங்கள் பார்த்த பிராஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார். இனிமேல் போன் போட்டால் “என்ன ஆச்சு” என்று கேட்காதீர்கள். “லீகலா, வேல்யூவேஷனா, எந்த டேபிள்ல நிக்குது? என்ன பேப்பர் வேணும்?” என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

1. ரிப்போர்ட்டை பேங்க் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்

இந்தியாவில் கிரெடிட் பீரோ நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அப்ளை செய்வதற்கு மூன்று மாதம் முன்பே எடுங்கள். ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. அந்த எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். கீழே உள்ள அக்கவுன்ட் லிஸ்ட்டை வரி வரியாகப் படியுங்கள்.

நம் ஊர் ரிப்போர்ட்டில் மூன்று பழைய பேய்கள் அடிக்கடி எழும். முதல் பேய், கல்விக் கடன். “எப்படியும் தள்ளுபடி ஆயிடும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்ஜினீயரிங் முடித்தவர்கள் கட்டாமல் விட்டது. இரண்டாவது, மாமாவின் டிராக்டர் லோனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. அவர் தவணை தவறினால் அது உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும். மூன்றாவது, அம்மாவோ மனைவியோ கோ-அப்ளிகண்ட் என்றால், அவர்களுடைய குழு லோன், நகைக்கடன். இவற்றை மறைக்க முடியாது. பேங்க் ஸ்க்ரீனில் ஏற்கெனவே தெரிகிறது. நீங்களே முதலில் சொல்லிவிட்டால் நேர்மையான ஆள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் நீங்கள் சந்தேகத்துக்குரிய ஆள்.

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் டிஸ்ப்யூட் போடுங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பணம் சின்னதுதான். ஆனால் அந்த விதியைச் சொல்லி எழுதிய மெயிலுக்கு வேகம் அதிகம்.

இதுவரை லோனே வாங்காதவர்களுக்கு இன்னொரு பயம்: “எனக்கு ஸ்கோரே இல்லையே!” கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஸ்கோர் வரவேண்டும் என்பதற்காக அவசர அவசரமாக இரண்டு கிரெடிட் கார்டு வாங்காதீர்கள்.

2. சம்பளம் வாயில் இருந்தால் போதாது, பாஸ்புக்கில் இருக்க வேண்டும்

அரசு ஊழியருக்கு இது பிரச்சினை இல்லை. பே ஸ்லிப், ஃபார்ம் 16, முடிந்தது. தனியார் பள்ளி ஆசிரியர், ஜவுளிக்கடை சூப்பர்வைசர், ரைஸ் மில் கணக்குப்பிள்ளை ஆகியோருக்குத்தான் சிக்கல். சம்பளம் 28,000. அக்கவுன்ட்டில் விழுவது 15,000, மீதி கவரில். பேங்க் கணக்கில் நீங்கள் 15,000 ரூபாய் ஆள். லோன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஆறு மாதம் முன்பே முதலாளியிடம் பேசி முழுச் சம்பளத்தையும் அக்கவுன்ட்டில் போடச் சொல்லுங்கள். “வேண்டாம்ப்பா, பி.எஃப். கட்டணும்” என்று இழுப்பார். நல்ல ஆள் வேலையை விட்டுப் போவதைவிட அவருக்கு அது மலிவு. கேளுங்கள்.

சொந்தத் தொழில் என்றால் வருமான வரி ரிட்டர்ன்தான் உங்கள் பே ஸ்லிப். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்தைச் செய்பவருக்கு வெளிநாட்டு ஆர்டரே வரலாம். ரிட்டர்ன் போடாவிட்டால் பேங்க் கண்ணுக்கு அவர் வருமானம் இல்லாதவர். இரண்டு, மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். மூன்றையும் ஒரே மாதத்தில் போட்டால் அதுவும் அவர்களுக்குத் தெரியும். கரும்பு போடுபவர் என்றால், மூங்கில்துறைப்பட்டிலோ கச்சிராயபாளையத்திலோ ஆலையிலிருந்து அக்கவுன்ட்டுக்கு வந்த பணத்தின் வரவை எடுத்து வையுங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஸ்டேட்மென்ட்டில் அவர்கள் தேடுவது மூன்று விஷயங்கள்: ரிட்டர்ன் ஆன செக், பேலன்ஸ் இல்லாமல் திரும்பிய இ.எம்.ஐ., திடீரென்று விழுந்த பெரிய ரொக்கம். லாகினுக்கு முந்தைய மாதம் மச்சானிடம் வாங்கி மூன்று லட்சம் போட்டு பேலன்ஸ் காட்டுவது பழைய ஐடியா. அது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேட்பார்கள். ரம்மி ஆப்புக்குப் போன பணமும் அதே ஸ்டேட்மென்ட்டில்தான் இருக்கும்.

3. மனையை நீங்கள் இன்டர்வியூ செய்யுங்கள்

இதுதான் முக்கியம். இங்கே நேரம் செலவழித்தால் மற்ற பயங்களில் முக்கால்வாசி போய்விடும்.

சர்வே நம்பரை வாங்குங்கள். டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (இ.சி.) போடுங்கள். ஆன்லைனில் பார்ப்பதற்குக் காசு கிடையாது. 30 வருடத்துக்குப் போடுங்கள். புரோக்கர் காட்டும் 13 வருட இ.சி. போதாது. பிறகு வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப் போகிறதா? நான்கு எல்லையும் சரியா? விற்பவர் பெயர் பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றிலும் ஒன்றுதானா?

இங்கே புதியவர்களைப் பதற வைக்கும் ஒரு விஷயம் உண்டு. தாய்ப்பத்திரத்தில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். அடுத்த பத்திரத்தில் ‘விழுப்புரம் மாவட்டம்’. இப்போதைய பத்திரத்தில் ‘கள்ளக்குறிச்சி மாவட்டம்’. ஒரே மனை, மூன்று மாவட்டமா? பயப்படாதீர்கள். 1993-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் வந்தது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. நம் ஊர் பத்திரக் கட்டில் மாவட்டம் மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சர்வே நம்பர் மாறியிருப்பதும் அப்படித்தான். 1980-களில் முடிந்த யு.டி.ஆர். (நிலவுடைமை மேம்பாட்டு) கணக்கில் பழைய நம்பர் போய்ப் புது நம்பர் வந்திருக்கும். பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் தொடர்பு காட்டும் பேப்பரை விற்பவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வக்கீல் கட்டாயம் கேட்பார்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை வேறு. ஒன்று, அக்கா தங்கை கையெழுத்து. அப்பா சொத்தை அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக் கொண்டு, பெண்பிள்ளைகளை விட்ட பத்திரம் நம் மாவட்டத்தில் ஏராளம். “அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு” என்பது ஊர்ப் பஞ்சாயத்தில் எடுபடலாம், பேனல் வக்கீலிடம் எடுபடாது. வாரிசுச் சான்றை வாங்கி, அதில் உள்ள எத்தனை பெயர் பத்திரத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு, பவர் பத்திரத்தில் விற்பது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள். மூன்று, அரசு இலவசமாக ஒப்படைத்த மனைப்பட்டா, டி.சி. நிலம் எனும் பஞ்சமி நிலம். இவற்றுக்கு விற்பனை நிபந்தனை உண்டு. குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டால் பணமும் போகும், மனையும் நிலைக்காது.

நான்கு, ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’. சின்னசேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை மெயின் ரோட்டை ஒட்டி மக்காச்சோளக் காட்டில் கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்ற மனைகளைப் பார்த்திருப்பீர்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அது நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) வேலை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் பலருக்கு இதுவே தெரிந்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குத்தான் அது பொருந்தும். எனவே கேட்க வேண்டியது இரண்டே: டி.டி.சி.பி. எண் என்ன? அது இல்லையென்றால், வரன்முறை உத்தரவு எங்கே? ரெண்டும் இல்லாத மனைக்கு பேங்க் லோன் தராது. “பிரைவேட் ஃபைனான்ஸ்ல பண்ணித் தர்றேன்” என்பார் புரோக்கர். பேங்க் வேண்டாம் என்று சொன்ன மனையை அதிக வட்டி கட்டி வாங்க நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை.

கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து படித்து, முதல் தலைமுறையாக அரசு வேலைக்கு வந்த பிள்ளைகள் இப்போது நிறைய. சொந்த ஊரில், அப்பா நிலத்தில், பேங்க் லோனில் வீடு கட்ட ஆசை. பேங்க் கை விரிக்கிறது. “எங்களுக்கு மட்டும் தர மாட்டேங்கிறாங்க” என்று மனம் நொந்து போகிறார்கள். காரணம் நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. பேங்க் கேட்கும் தாய்ப்பத்திரச் சங்கிலி அங்கே பல குடும்பங்களிடம் இல்லவே இல்லை. மூன்று தலைமுறையாக மரவள்ளி போட்டிருக்கலாம். அனுபவம் வேறு, டைட்டில் வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டா வாங்கியிருந்தால் அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் விற்கவோ மாற்றவோ முடியாது என்று சட்டமே சொல்கிறது. விற்க முடியாத நிலத்தை பேங்க் அடமானமாக எடுக்காது. இதில் உங்கள் ஸ்கோருக்கோ சாதிக்கோ சம்பளத்துக்கோ சம்பந்தமில்லை. அந்தச் சட்டம் நிலம் கைமாறிப் போகாமல் உங்களைக் காப்பாற்றவே அப்படி எழுதப்பட்டது.

அப்படியானால் வழி? மலையில் வீடு வேண்டுமென்றால் அடமானம் கேட்காத பணத்தைத் தேடுங்கள்: கிராமப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டம், ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று 2024-25-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம். தகுதி இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். ஹோம் லோன்தான் என்றால் கீழே, கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ, சுத்தமான பத்திரமுள்ள மனையாகப் பாருங்கள். சமவெளிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: “மலையில மேகம் ஃபால்ஸ் பக்கத்துல ரெண்டு ஏக்கர், ரிசார்ட் போடலாம்” என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

4. கையில் எவ்வளவு வேண்டும்? கணக்கு போடுங்கள்

“90 பர்சன்ட் லோன்” என்ற போர்டு பாதி உண்மை. 30 லட்சம் வரையான லோனுக்கு 90 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. உச்சவரம்பு வரை கொடுத்தே ஆக வேண்டும் என்று பேங்க்குக்குக் கட்டாயமில்லை. பத்திரச் செலவும் அதில் சேராது, சொத்து 10 லட்சத்துக்குள் இருந்தால் தவிர.

25 லட்சம் ரூபாய் வீடு. பேங்க் 80 சதவீதம், அதாவது 20 லட்சம் தருகிறது. உங்கள் பங்கு 5 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 2.25 லட்சம். லோனுக்கான எம்.ஓ.டி. (அடமான) பத்திரம்: 20 லட்சத்துக்கு அரை சதவீதம் 10,000, பதிவுக்கு 6,000. அதன் மேல் ப்ராசஸிங் ஃபீ, லீகல், வேல்யூவேஷன், டாக்குமென்ட் ரைட்டர். சொந்தப் பணம் எட்டு லட்சம் இல்லாமல் இறங்காதீர்கள். ஐந்து லட்சத்தோடு இறங்கி, மீதிக்கு பர்சனல் லோன் போட்டவர்கள்தான் இரவில் தூங்காதவர்கள். சொத்து 10 லட்சத்துக்குள் என்றால் பெண் பெயரில் பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கறுப்பு-வெள்ளை விளையாட்டு வேண்டாம். 30 லட்சம் விலை பேசி, பத்திரத்தில் 20 லட்சம் காட்டினால், பேங்க் 20-ஐ வைத்துத்தான் லோன் போடும். மீதிப் பத்து லட்சத்துக்கு நீங்கள் ரொக்கம் தேட வேண்டும். மிச்சமாகும் பத்திரச் செலவு உங்களுக்கு; வரி லாபம் விற்பவருக்கு; கஷ்டம் முழுக்க உங்களுக்கு. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வாங்கினால் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-ஐ விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், லோன் 25 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்றால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து வருடத் தவணையில் வரும். டவுன் பேமென்ட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

5. அட்வான்ஸ் சின்னது, அக்ரிமெண்ட் பெரியது

நர்ஸின் தூக்கம் போனது லோனால் அல்ல, அந்த இரண்டு லட்சத்தால். டோக்கன் கொடுங்கள். ஆனால் அக்ரிமெண்டில் ஒரே ஒரு வரி சேருங்கள்: “லீகல் காரணத்தாலோ மதிப்பீட்டாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்.” விற்பவர் மறுத்தால், சொத்தில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தெரியும். அவகாசம் மூன்று மாதம் கேளுங்கள். ஒரு மாதம் என்று எழுதிவிட்டு “ப்ராசஸ்ல இருக்கு” கேட்டால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல சீசன் இருக்கிறது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். விற்பவர் சும்மா இருப்பார், வக்கீல் சும்மா இருப்பார், எக்ஸிக்யூட்டிவுக்கு டார்கெட் உதைக்கும். ஆடியில் ஃபைலை ரெடி பண்ணுங்கள்; ஆவணியில் ரிஜிஸ்டர் பண்ணுங்கள். எல்லோரும் ஆவணியில்தான் அப்ளை செய்வார்கள். நீங்கள் ஒரு மாதம் முன்னால் இருப்பீர்கள்.

6. பிராஞ்சுக்குள் எப்படிப் போவது

மாத முதல் வாரம் போகாதீர்கள். பென்ஷன், சம்பளக் கூட்டம். மேனேஜருக்கு உங்கள் முகம்கூட நினைவில் நிற்காது. பதினைந்து தேதிக்கு மேல், காலை பதினொன்றரை மணி சரியான நேரம்.

ஒரு பக்கத்தில் கவர் ஷீட் எழுதிக்கொண்டு போங்கள்: பெயர், வேலை, எத்தனை வருட சர்வீஸ், கையில் வரும் சம்பளம், ஓடும் இ.எம்.ஐ., சொத்தின் சர்வே நம்பர், டி.டி.சி.பி. எண், விலை, கேட்கும் தொகை. இதுதான் உங்கள் ரெஸ்யூமே. பின்னால் பேப்பர்கள் அதே வரிசையில். பிளாஸ்டிக் பையிலிருந்து கசங்கிய ஜெராக்ஸை ஒவ்வொன்றாக உருவும் ஆளையும், இப்படி வரும் ஆளையும் மேனேஜர் ஒரே மாதிரி பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். நாற்காலியின் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அநியாயம்தான். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

பெயர், இனிஷியல் விஷயத்தை முன்கூட்டியே தீருங்கள். ஆதாரில் ‘க. செல்வி’, பான் கார்டில் ‘செல்வி கண்ணன்’, கல்யாணத்துக்குப் பிறகு சேலரி அக்கவுன்ட்டில் கணவர் இனிஷியல். மூவரும் ஒருவரே என்று அஃபிடவிட் ஒன்றை முதல் நாளே ஃபைலில் வைத்துவிட்டால் அவர்கள் கேட்டு, நீங்கள் ஓடி, ஒரு வாரம் வீணாகாது.

கேட்பதற்கு மட்டும் மூன்று இடம் போங்கள். லாகின் ஒரே இடத்தில். லோன் ஏஜென்ட்டிடம் பான் கார்டைக் கொடுத்தால் ஐந்து பேங்க்கில் தட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தட்டலும் என்கொயரியாக ரிப்போர்ட்டில் பதியும். ஆறாவது பேங்க் “ஏன் இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள்?” என்று யோசிக்கும்.

7. லாகின் முதல் சாங்ஷன் வரை: செய்யக் கூடாதவை

வேலை மாறாதீர்கள். பெங்களூரில் 30 சதவீத ஹைக் வந்தாலும் டிஸ்பர்ஸ்மென்ட் வரை தள்ளிப் போடுங்கள். ப்ரொபேஷனில் இருப்பவரின் ஃபைலை பேங்க் விரும்பாது. புது பைக், புது போன், ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ எதுவும் வேண்டாம். ஆபீஸில் ஹெச்.ஆருக்கும் ரிசப்ஷனுக்கும் சொல்லி வையுங்கள். பேங்க்கிலிருந்து வெரிஃபிகேஷன் போன் வரும்போது “அப்படி யாரும் இங்க இல்லையே” என்று புதுப் பையன் சொல்லிவிட்டால் ஒரு வாரம் போச்சு. வீட்டுக்கு ஆள் வரும்போது அம்மா பயந்து “லோனா? எங்களுக்குத் தெரியாதே” என்பார். அவரிடமும் சொல்லுங்கள்.

8. ரேட்டைப் பேரம் பேசுங்கள்

சம்பளத்தைப் பேரம் பேசத் தயங்காதவர்கள்கூட வட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 2019 அக்டோபர் முதல் பேங்க்குகளின் புது ஃப்ளோட்டிங் ஹோம் லோன், ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ, டிசம்பருக்குள் 5.25-க்கு இறங்கியது. ரெப்போவுக்கு மேல் பேங்க் வைக்கும் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று கேளுங்கள். வேறு பேங்க்கின் எழுத்துப்பூர்வ கோட் கையில் இருந்தால் பேச்சு எளிது. 2024 அக்டோபர் முதல் எல்லா ரீட்டெயில் லோனுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் தர வேண்டும்; எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஏ.பி.ஆர். அதில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். “இன்சூரன்ஸ் எடுத்தாதான் சாங்ஷன்” என்றால், எங்களிடமேதான் எடுக்க வேண்டும் என்ற விதியை எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கே நிற்கும்.

20 லட்சம், 8 சதவீதம், 20 வருடம்: இ.எம்.ஐ. சுமார் 16,730. அதையே 15 வருடம் என்றால் 19,110. மாதம் 2,400 ரூபாய் கூட. மொத்த வட்டியில் ஐந்தே முக்கால் லட்சம் மிச்சம். ஆனாலும் நான் 20 வருடம் போடச் சொல்வேன். ஃப்ளோட்டிங் ஹோம் லோனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. கையில் இருக்கும்போது கூடக் கட்டுங்கள். வேலை போனாலோ, நல்ல வேலைக்காக மூன்று மாதம் காத்திருக்க நேர்ந்தாலோ சின்ன இ.எம்.ஐ. உங்கள் பக்கம் நிற்கும். இ.எம்.ஐ.-க்குப் பயந்து கெட்ட பாஸிடம் பத்து வருடம் கிடப்பதைவிடக் கொஞ்சம் வட்டி கூடப் போவது மேல்.

ரொக்க வருமானக்காரர்களுக்கு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் சீக்கிரம் தரும், ரேட் கூட இருக்கும். அவசரமென்றால் வாங்குங்கள். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு பேங்க்குக்கு மாறுங்கள், புது எம்.ஓ.டி. செலவையும் கணக்கில் வைத்து.

9. ரிஜெக்ட் ஆனால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்த காரணத்தை எழுதித் தருவது பேங்க்கின் கடமை. காரணம் நீங்கள் என்றால் ஆறு மாதத்தில் சரி செய்யலாம். காரணம் மனை என்றால், கட்டிய ப்ராசஸிங் ஃபீயை, வக்கீல் உங்களைக் காப்பாற்றியதற்கான ஃபீஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

நர்ஸ் கதையைப் பாதியில் விட்டேன். விற்பவரே பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டார். பட்டா வந்த பிறகு லீகல் கிளியர் ஆனது. அவர் இப்போது தினமும் போன் செய்வது கொத்தனாருக்கு.

நீங்கள் இந்த வாரம் பார்க்கப் போகும் மனைக்காரரிடம் முதலில் சர்வே நம்பரைக் கேளுங்கள். “அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தர்றேன்” என்றால், அந்த மனை உங்களுக்கு வேண்டாம்.